7 என்றால் என்ன?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசன் உச்சத்தில் இருக்கும்போது போன் வந்தது. அவர்களுடைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், லாரி லோடு டேபிளில் 'நிலை' என்று ஒரு ஃபீல்டு. அதில் 1, 2, 7 என மூன்று எண்கள். 1 என்றால் லாரி வந்தது, 2 என்றால் இறக்கியாயிற்று. 7? யாருக்கும் தெரியவில்லை. எழுதிய பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. 7 போட்ட லோடுகளுக்குப் பணம் கொடுப்பதா, நிறுத்துவதா என்று கணக்குப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. "எல்லாத்தையும் டாக்குமென்ட் பண்ணிடலாம்னு பார்த்தோம் சார்" என்று இணையத்தில் ஓடும் ஒரு ஆவணக் கருவிக்கு, எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசரின் கடவுச்சொல்லைக் கொடுத்து, அது உள்ளே வருவதற்காக ரௌட்டரில் 3306-ஐ, அதாவது மைஎஸ்க்யூஎல்லின் போர்ட்டை, இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். இந்த வருடம் இப்படி நான் பார்ப்பது மூன்றாவது இடம்.

"நம்ம ஐபி யாருக்கு சார் தெரியும்?" என்கிறார்கள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை ஐயா. இணையத்தில் கணினிகளுக்குத் தரும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஒரே கணினியிலிருந்து அத்தனை கதவையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று 2013-லேயே ஸிமேப் என்ற ஸ்கேன் கருவி காட்டிவிட்டது. உங்கள் ஆலையைத் தேடி யாரும் வர மாட்டார்கள். எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்ப்பவனுக்கு உங்கள் கதவும் திறக்கும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, ஆவணம் எழுத டேட்டா தேவையே இல்லை. டேபிள், ஃபீல்டு, எது எதோடு சேர்கிறது என்ற அமைப்பு போதும். ஸ்கீமாஸ்பை மாதிரி ஒரு கருவியை ஆலைக்குள் இருக்கும் கணினியிலேயே ஓட்டினால் ஹெச்டிஎம்எல் பக்கங்களாகக் கொடுத்துவிடும். அதற்குப் படிக்க மட்டும் உரிமை உள்ள தனி யூசர் போதும். இணையக் கருவிதான் வேண்டுமா? சரி, மைஎஸ்க்யூஎல்லோடு வரும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பில், டேட்டா வராமல் அமைப்பு மட்டும் வர 'நோ-டேட்டா' போட்டு எடுத்த ஃபைலை, ஒருமுறை கண்ணால் படித்துவிட்டு, ஏற்றுங்கள். இணைப்பை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆனால் எந்தக் கருவியும் 7 என்றால் என்ன என்று சொல்லாது. அதை மனிதர்தான், டேட்டாபேஸிலேயே ஃபீல்டோடு சேர்ந்து இருக்கும் கமென்ட்டில் எழுத வேண்டும். எக்செலில் வேண்டாம், ஆறு மாதத்தில் அது வேறு கதை சொல்லும். மைஎஸ்க்யூஎல்லில் கமென்ட் சேர்க்க 'மாடிஃபை' போடுகிறவர்கள் ஃபீல்டின் முழு வரையறையையும் திரும்ப எழுதுங்கள். விட்டால் 'நாட் நல்' (காலியாக விடக்கூடாது), 'டிஃபால்ட்' (தானாக விழும் மதிப்பு) எல்லாம் போய்விடும்; நானே பட்டிருக்கிறேன். கமென்ட்டில் கடவுச்சொல் எழுதாதீர்கள். சிரிக்க வேண்டாம், பார்த்ததால்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்த 7. எடைமேடையில் இருக்கும் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது: கழிவுக் கணக்கில் தகராறாகி மறு எடை போட்ட லோடு. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கமென்ட்டில் ஏற்றிவிட்டேன். அந்த டேபிளில் விளங்காத ஃபீல்டு இன்னும் பதினொன்று இருக்கிறது. அண்ணன் வரும் தையில் ரிட்டையர் ஆகிறார்.