நாற்பது ஆண்டுகள் உறுமியும் உடையாத குரல்

உறுமும் குரலுக்குப் பேர்போன கனத்த ராக் இசை வகையான டெத் மெட்டலின் கச்சேரி ஒன்றில் என்னை மிகவும் வியக்கவைக்கும் கணம் பாட்டின் உச்சத்தில் வருவதில்லை. இரண்டு பாட்டுகளுக்கு இடையில் வருகிறது. அதுவரை குகைக்குள்ளிருந்து எழும் விலங்கின் உறுமலாக ஒலித்துக்கொண்டிருந்த பாடகர், மைக்கைச் சற்றே தள்ளிப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைப் போன்ற தெளிவான குரலில் கூட்டத்துக்கு நன்றி சொல்கிறார். கரகரப்பு இல்லை, கம்மல் இல்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியவரால் அடுத்த நிமிடமே இப்படிப் பேச முடியாது என்பது, விளையாட்டுத் திடலில் ஒரு மாலை முழுதும் கூச்சலிட்டு மறுநாள் குரல் கட்டிக்கொண்ட எவருக்கும் தெரியும். அப்படியானால் அவர் செய்துகொண்டிருந்தது கத்தல் அன்று, வேறொன்று.

அந்த வேறொன்றின் இயல்பை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பொஸஸ்ட் குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது 1985இல். புளோரிடாவின் ஒபிச்சுவரி 1984இல் வேறு பெயரில் தொடங்கி, 1989இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. கேனிபல் கார்ப்ஸ் 1988இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் உருவாகி, பின்னர் புளோரிடாவின் டாம்பாவுக்குக் குடிபெயர்ந்தது. பதின்வயதில் உறுமத் தொடங்கிய அந்தத் தலைமுறையில் மேடையில் எஞ்சியிருப்பவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். மற்ற இசை வகைகளில் பல பாடகர்கள் தங்கள் பழைய பாட்டுகளைச் சுருதி இறக்கிப் பாடத் தொடங்கும் வயது அது. இவர்களோ அதே பாட்டை அதே கனத்தில் உறுமுகிறார்கள்.

விடையைத் தேட குரல்வளைக்குள் இறங்க வேண்டும். நாம் பேசும்போது நுரையீரலிலிருந்து மேலேறும் காற்று, குரல்வளையில் எதிரெதிராக அமைந்த இரண்டு குரல்நாண்களைத் தள்ளித் திறக்கிறது; அவற்றின் மீள்தன்மையும் இடைவெளியில் விரையும் காற்றின் அழுத்த மாற்றமும் சேர்ந்து அவற்றை மீண்டும் மூடுகின்றன. ஆண்களின் பேச்சில் இது ஒரு விநாடிக்கு நூறுக்குச் சற்று மேலாகவும், பெண்களின் பேச்சில் ஏறத்தாழ இருநூறு முறையும் நிகழ்கிறது. ஒழுங்கான இந்த அதிர்வு ஓர் அடிப்படை அதிர்வெண்ணையும், அதன் இரட்டிப்பு, மும்மடங்கு என்று முழு எண் மடங்குகளில் அமைந்த மேற்சுரங்களையும் தருகிறது. நாம் சுருதி என்று உணர்வது இந்த ஒழுங்கைத்தான்.

குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு சோடி மடிப்புகள் இருக்கின்றன. பொய்க் குரல்நாண்கள் என்று அவற்றுக்குப் பெயர்; பேச்சில் அவை பங்கெடுப்பதில்லை என்பதால் வந்த பெயர் அது, சற்று நன்றிகெட்ட பெயரும்கூட. விழுங்கும்போது மூச்சுக்குழாயைக் காப்பதும், பளுவைத் தூக்கும்போது மார்புக்குள் காற்றை அடைத்து வைப்பதும், கீழே உள்ள உண்மையான நாண்களை ஈரமாக வைத்திருக்கும் சுரப்பிகளுக்கு இடம் தருவதும் அவற்றின் வேலை. உண்மையான நாண்களைவிடத் தடித்தவை, மழுங்கலானவை, தசை குறைந்தவை. டெத் மெட்டல் பாடகர் இந்த மடிப்புகளை உள்நோக்கி நெருக்கி, வெளியேறும் காற்றில் இவையும் அதிரும்படி செய்கிறார். சிலரிடம் இன்னும் மேலே, குரல்வளையின் வாயிலில் உள்ள சளிச்சவ்வு மடிப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. கனத்த திசு மெதுவாகத்தான் அதிரும். ஆகவே ஒலி தாழ்ந்து விழுகிறது. அந்தத் திசு சீராக அதிர்வதும் இல்லை. ஒரு சுழற்சி நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் அமையும்போது மேற்சுரங்களின் ஒழுங்கு குலைந்து, சுருதிக்கும் வெறும் இரைச்சலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பிறக்கிறது. அதுவே உறுமல்.

இது மெட்டல் இசைஞர்கள் கண்டுபிடித்த உத்தி அன்று. சைபீரியாவின் தெற்கில் வாழும் துவா மக்களின் கார்கிரா என்னும் பாடும் முறையில், பொய்க் குரல்நாண்கள் உண்மையான நாண்களின் சரிபாதி அதிர்வெண்ணில் அதிர்கின்றன. அதாவது, கீழே இரண்டு முறை திறந்து மூடினால் மேலே ஒரு முறை. அதன் விளைவாகப் பாடகரின் இயல்பான குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒரு சுரம் கேட்கிறது. கார்கிராவில் இந்தப் பிணைப்பு துல்லியமாக இருப்பதால் அது இன்னிசையாகிறது. டெத் மெட்டலில் பிணைப்பை வேண்டுமென்றே தளர்த்திவிடுவதால் அது முரட்டுத்தனம் பெறுகிறது. இரண்டுக்கும் உறுப்பு ஒன்றே.

குரல் ஏன் உடைவதில்லை என்பதற்கான பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. உரக்கக் கத்தும்போது உண்மையான குரல்நாண்களின் மெல்லிய விளிம்புகள் ஒன்றையொன்று பலமாக அறைந்துகொள்கின்றன. வீக்கமும் முடிச்சும் தோன்றுவது அந்த விளிம்புகளில்தான். நன்கு பழகிய உறுமலில் அந்த நாண்கள் அளவோடு இயங்க, முரட்டு ஒலியை உண்டாக்கும் பொறுப்பு மேலே உள்ள மழுங்கிய மடிப்புகளுக்குப் போகிறது. பழகாதவர் அதே ஒலியை எட்டுவதற்குக் கழுத்துத் தசைகளை இறுக்கி, உண்மையான நாண்களையே நசுக்குகிறார். முறை தவறி உறுமிக் குரல்நாண்களில் வீக்கமோ கட்டியோ வந்து மருத்துவரிடம் போனவர்களும் உண்டு. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிப்பதுதான் சிக்கல். முதல் தலைமுறைப் பாடகர்களுக்குக் கற்றுத்தர ஆள் இல்லை, தட்டுத்தடுமாறித்தான் பழகினார்கள். இன்று மேடையில் நாம் காண்பவர்கள் அந்தத் தடுமாற்றத்தில் சரியான வழியை எப்படியோ கண்டுகொண்டவர்கள். தவறான வழியில் போனவர்களின் குரல் நம் காதுக்கு எட்டுவதில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

உறுமல் ஏன் இவ்வளவு அச்சுறுத்துகிறது? ஒலியின் வலிமை விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்கும்போது நம் செவி அதைச் சொரசொரப்பாக உணர்கிறது. மனித அலறலின் தனி அடையாளமும் இந்த ஏற்ற இறக்கமே என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாதாரணப் பேச்சு இந்த எல்லைக்குள் அனேகமாக நுழைவதே இல்லை. இதற்கு மேல் பாடகர் குரல்வளையைக் கீழே இறக்கி, உதடுகளைக் குவித்து, தொண்டை முதல் வாய் வரையிலான குழாயை நீளமாக்குகிறார். வளர்ந்த ஆணுக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அதன் ஒத்ததிர்வுகள், அதாவது அந்தக் குழாய் இயல்பாகவே பெருக்கிக் காட்டும் அதிர்வெண்கள், தோராயமாக 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் அமையும். குழாய் நீண்டால் அவை எல்லாமே கீழிறங்கும், கேட்பவரின் மூளை அதைப் பெரிய உடம்பின் குரலாகக் கணிக்கும். இணைசேரும் பருவத்தில் ஐரோப்பியச் செம்மானின் ஆணும் குரல்வளையை மார்பெலும்பு வரை இறக்கி இதே ஏமாற்றைத்தான் செய்கிறது.

சொற்கள் புரிவதும் புரியாமல் போவதும் இதே குழாயின் வேலை. உயிரெழுத்துகளை நாம் பிரித்தறிவது சுருதியால் அன்று, ஒத்ததிர்வுகளின் இடத்தால். எனவே சுருதியே இல்லாத உறுமலிலும் ‘ஆ’வும் ‘ஓ’வும் வேறுபட்டு ஒலிக்க முடியும். ஆனால் குழாயை எப்போதும் நீட்டியே வைத்திருப்பவருக்கு ‘ஈ’ போன்ற ஒலிகள் நழுவிப்போகின்றன. ஒபிச்சுவரியின் பாடகர் ஜான் டார்டி தொடக்க காலத்தில் பல இடங்களில் பொருளுள்ள சொற்களையே கைவிட்டு வெறும் உறுமலால் நிரப்பினார் என்பதை நான் சோம்பலாகக் கருதவில்லை. கருவியின் இயல்புக்கு ஏற்ப வாசித்தார் என்றே சொல்வேன்.

இனி, அரங்கத்தில் நாம் கேட்கும் பேரொலி பாடகரின் தொண்டையிலிருந்து அப்படியே வருவதில்லை. மைக் இல்லாமல் அருகில் நின்று கேட்டால், திறமையான உறுமல் எதிர்பார்த்ததைவிடச் சிறிய ஒலியாகவே இருக்கும். மேடைகளில் பயன்படும் மைக்குகள் பெரும்பாலும் முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை மைக்கை உதட்டுக்கு மிக நெருக்கமாக வைத்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் இயல்பாகவே பெருகி ஒலிக்கும். உறுமலின் அடிவயிற்றுக் கனத்தில் கணிசமான பங்கு இந்த இயற்பியல் தரும் இனாம். பல பாடகர்கள் இதோடு நில்லாமல் மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பார்கள். பின்பக்க ஒலியைத் தள்ளுபடி செய்வதற்காக வைத்த துளைகள் அப்போது அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும். மேடை ஒலிபெருக்கியின் ஒலி மைக்குள் திரும்பிப் புகுந்து ஊளையிடும். ஒலிப் பொறியாளர்கள் பல்லைக் கடிப்பது இந்தப் பழக்கத்தைக் கண்டுதான். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை.

குரலுக்கு உண்மையான சோதனை மேடையின் பேரொலி. சாதாரணக் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிரும்; டெத் மெட்டல் குழுக்கள் அதையும் தளர்த்துகின்றன, ஸ்டாக்ஹோமில் உருவான பாணியில் அது ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அந்த ஒலியலையின் முகடுகளை மின்சுற்று வழியாக மொட்டையாக வெட்டி உருக்குலைக்கும்போது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை மேற்சுரங்கள் முளைத்து, குரல் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கின்றன. தன் குரல் தனக்குக் கேட்காத மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்பதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் விளக்கினார். இதை மனத்தால் அடக்குவது கடினம். பயிற்சி அறையில் அளவோடு உறுமும் இளம் பாடகர் மேடையேறியதும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதற்கு ஆவேசம் மட்டும் காரணமன்று. லொம்பார்ட் விளைவும் காரணம். பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள் காதில் விழும் ஒலியை நம்புவதை விட்டு, தொண்டையிலும் மார்பிலும் உணரும் அதிர்வைக் கொண்டே அளவை நிறுத்துகிறார்கள்; பாடகரின் குரலை அவருக்கே கேட்கச் செய்யும், காதுக்குள் பொருத்தும் மானிட்டர் கருவி இதை இன்னும் எளிதாக்கியிருக்கிறது.

வயது என்ன செய்கிறது என்றால், குரல்நாண்களை மெலியவைத்து அவற்றின் மீள்தன்மையைக் குறைக்கிறது. நாண்களை இழுத்து நீட்டி எட்ட வேண்டிய உச்ச சுரங்கள் முதலில் பறிபோகும். உறுமலுக்கு அந்த உச்சங்கள் தேவையே இல்லை. குறைவது மூச்சு. நுரையீரலின் கொள்ளளவு நடுவயதுக்கு முன்பே இறங்கத் தொடங்குவதால், மூத்த பாடகர்கள் ஒலியின் தன்மையை அப்படியே காத்துக்கொண்டு, நீண்ட உறுமலை இரண்டாக முறித்துப் பாடுவது இயல்பே. பொஸஸ்டின் பாடகர் ஜெஃப் பெசெரா 1989இல் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாகி மார்புக்குக் கீழே செயலிழந்தவர். குழு 2007இல் மீண்டும் கூடிய பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே பாடுகிறார். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து கிளம்புவதால், மார்பளவில் ஏற்படும் தண்டுவடக் காயம் அதைத் தொடுவதில்லை. ஆனால் காற்றை அழுத்தி வெளியேற்றும் வயிற்றுத் தசைகள் அத்தகைய காயத்தில் வலுவிழக்கும். முரட்டு பலமே உறுமலின் ஊற்று என்று நினைப்பவர்கள் அவர் பாடுவதை ஒருமுறை பார்க்கலாம்.

தொண்டையைவிட இவர்களுக்குச் சீக்கிரம் தேய்வது காதுதான். அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி என்ற தொழிலிடக் கணக்கைப் பிடித்தால், 100 டெசிபெலில் ஒரு நாளுக்குரிய பங்கு கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதாவது நான்காவது பாட்டிலோ ஐந்தாவது பாட்டிலோ. காது மங்கினால் பாடகர் மானிட்டரின் ஒலியைக் கூட்டச் சொல்வார், அதுவும் போதாதபோது லொம்பார்ட் விளைவு தொண்டையை இறுக்கத் தொடங்கும். முதுபெரும் உறுமல் பாடகர் ஒருவரின் குரல் கெடுகிறது என்றால், சோதனையைத் தொடங்க வேண்டிய இடம் அவருடைய செவியாக இருக்கலாம்.