நான்காம் வாரத்தில் கரைந்த கருக்கள்

செம்மறிப் பெட்டைக்குப் பருவச் சுழற்சி ஏறக்குறைய 17 நாள். கிடாய் சேர்ந்த பிறகு 17 நாள் கழித்து அது மறுபடி பருவத்துக்கு வரவில்லை என்றால் சினை பிடித்துவிட்டது என்று மேய்ப்பவர் கணக்கு வைத்துக்கொள்வார். 1950களில் நியூசிலாந்தின் சில பகுதிகளில் இந்தக் கணக்கு பொய்த்துக்கொண்டே இருந்தது. பருவத்துக்குத் திரும்பாமல் நின்ற பெட்டைகள், ஐந்து மாதம் கழித்து ஈனும் காலம் வந்தபோது வெறும் வயிற்றோடு நின்றன. நூற்றுக்கு முப்பது பெட்டைகள் அப்படிப் போன பண்ணைகளும் உண்டு. புல்லுக்குக் குறைவில்லை, பெட்டைகள் மெலியவும் இல்லை. கருச்சிதைவு நடந்ததற்கான அடையாளமும் தென்படவில்லை.

கரு உருவாகத்தான் செய்தது. அது இறந்தது மூன்றாவது, நான்காவது வாரத்தில், கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் நேரத்தில். அவ்வளவு சிறிய கரு தாயின் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். 12, 13ஆம் நாளிலேயே கரு தாய்க்கு ஒரு புரதச் செய்தி அனுப்பி அடுத்த பருவத்தை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் 17ஆம் நாளில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இனச்சேர்க்கைக்கு முன்பே சிறிதளவு செலினியம் கொடுத்தபோது அந்த இழப்பு பெரிதும் குறைந்தது. அன்றைக்கு இது வியப்பான செய்தி. 1930களில் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் கால்நடைகளின் குளம்பு கழன்று விழக் காரணமாகக் கண்டறியப்பட்ட நஞ்சு அல்லவா செலினியம்! அது உடலுக்குத் தேவையான தாதுவும்கூட என்று கிளாஸ் ஷ்வார்ஸ் எலிகளின் கல்லீரல் நோயை ஆராய்ந்து காட்டியது 1957இல்தான். அடுத்த ஆண்டே, ஆட்டுக்குட்டிகளின் தசை வெளுத்து நிற்க முடியாமல் போகும் வெண்தசை நோயைச் செலினியம் தடுப்பதாக ஓரிகன் மாநிலத்து ஆய்வாளர்கள் கண்டார்கள்.

செலினியம் உடலில் என்ன செய்கிறது என்பது 1973இல் விளங்கியது. உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும்போது கொஞ்சம் கசிவு ஏற்படுகிறது. கசிவில் பிறப்பவை, கண்டதோடு வினைபுரியும் ஃப்ரீ ரேடிக்கல்கள். செம்பும் துத்தநாகமும் கொண்ட ஒரு நொதி அவற்றை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதுவும் தீங்கானதுதான். அதைத் தண்ணீராக்கும் நொதிகளில் முக்கியமானது குளுட்டாதையோன் பெராக்சிடேஸ். இந்த நொதியின் நடுவில் செலினியம் அமர்ந்திருக்கிறது. வைட்டமின் ஈ வேலை செய்யும் இடம் வேறு. அது உயிரணுச் சவ்வின் கொழுப்புக்குள் இருந்துகொண்டு, ஒரு கொழுப்பு மூலக்கூற்றில் தொடங்கிய சிதைவு பக்கத்து மூலக்கூற்றுக்குத் தாவாமல் தடுக்கிறது. இதே காவல் வேலையில் சேரும் வைட்டமின் சியைச் செம்மறியாடு தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது.

வைட்டமின் ஈ கண்டுபிடிக்கப்பட்டதே கருவுறுதல் ஆய்வில்தான். 1922இல் ஈவன்ஸும் பிஷப்பும் ஆராய்ந்த எலிகள், அந்தச் சத்து இல்லாதபோது கருவுற்றும் குட்டி ஈனவில்லை. டோகோஃபெரால் என்ற அதன் வேதிப்பெயருக்குக் கிரேக்க மொழியில் பிள்ளைப்பேற்றைத் தருவது என்று பொருள். அப்படியானால் நியூசிலாந்துப் பெட்டைகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தாலும் போதும் என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. பச்சைப்புல்லில் வைட்டமின் ஈ நிறைய இருக்கிறது. அந்தப் பெட்டைகளுக்குக் குறைந்தது செலினியம் மட்டுமே. இப்படிச் சிதைவைத் தடுப்பவற்றையெல்லாம் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. இந்தத் துறையிலேயே அதிகம் மறக்கப்படுகிற உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம்: மாதக்கணக்கில் காய்ந்த தீவனத்தையே தின்னும் மந்தையில் முதலில் வற்றுவது வைட்டமின் ஈ.

கிடாயின் கதை இன்னும் நுட்பமானது. விந்தணுவின் சவ்வில் எளிதில் சிதையும் கொழுப்பு அதிகம். பழுதானதைச் சரிசெய்யப் புதுப் புரதம் தயாரிக்கும் வசதியோ அதற்குக் கிடையாது. செலினியம் இங்கே காவலோடு நிற்பதில்லை. வளரும் விந்தணுவில் நொதியாக இயங்கிய செலினியப் புரதம் ஒன்று, விந்தணு முதிர்ந்ததும் இறுகி, அதன் நடுப்பகுதியில் மைட்டோகாண்ட்ரியாவைப் பொதிந்து வைக்கும் உறையின் பெரும்பகுதியாகிவிடுவதை 1999இல் கண்டறிந்தார்கள். செலினியம் இல்லாத எலிகளின் விந்தணுக்கள் அந்த நடுப்பகுதியிலேயே முறிகின்றன. துத்தநாகம் குறைந்தால் இளங்கிடாயின் விதைகளே வளர்ச்சி குன்றும். இதை 1969இல் ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட்டும் சோமர்ஸும் காட்டினார்கள். கிடாயின் உடலில் ஒரு விந்தணு உருவாக ஏழு வாரம், முதிர்ந்து வெளிவர இன்னும் இரண்டு வாரம் அளவில் ஆகிறது. ஆகவே கிடாயை மந்தையில் விடும் வாரத்தில் சத்து கொடுத்துப் பயனில்லை, இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

அளவுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. உலர் தீவனத்தில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் செலினியம் இருந்தால் ஆட்டுக்குப் போதும். சில மில்லிகிராமைத் தொட்டாலே அது நஞ்சு. சினையான முதல் மாதத்தில் செலினிய ஊசி போட்டால் கருவுக்கே கேடு வரலாம் என்பதால் அப்போது அதைத் தவிர்க்கிறார்கள். ஃப்ரீ ரேடிக்கல்களை அடியோடு அழிப்பதும் நல்லதல்ல. சினைமுட்டை வெளிவரவும், விந்தணு கருமுட்டையைத் துளைக்கத் தயாராகவும் அவை சிறிதளவு தேவை.

மாடும் ஆடும் சேர்த்து வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மாட்டுக்கான தாது உப்புக் கலவையைத் தயவுசெய்து செம்மறியாட்டுக்கு வைக்காதீர்கள். அதில் செம்பு அதிகம், செம்மறியாட்டால் செம்பை எளிதில் வெளியேற்ற முடியாது. கல்லீரலில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் சேரும் செம்பு ஒரு நாள் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். சிவப்பணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போன பிறகு ஆட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

குறை இருக்கிறதா என்று அறிய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சிவப்பணுக்களில் உள்ள குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் அளவு, கடந்த சில மாதங்களில் ஆட்டுக்கு எவ்வளவு செலினியம் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடும். நியூசிலாந்திலோ மண்ணையே சரிசெய்யத் துணிந்தார்கள். 1982 முதல் அங்கே உரத்தோடு செலினியம் தூவ அனுமதி உண்டு. ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி சர்க்கரையின் எடை. அதைப் புல் எடுத்துக்கொள்கிறது, புல்லிலிருந்து பெட்டைக்குப் போகிறது.