ஓரத்தில் ஓடி பரப்பை அளந்த சக்கரம்

வரைபடத்தில் ஓர் ஏரி இருக்கிறது. கரை கோணல்மாணலாகப் போகிறது. அதன் பரப்பளவு வேண்டும். கட்டம் போட்ட தாளை மேலே வைத்துக் கட்டங்களை எண்ணலாம், இல்லாவிட்டால் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக் கூட்டலாம். இரண்டுமே கண்ணையும் பொறுமையையும் தின்னும் வேலை. 1854இல் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரில், ஒரு கணித ஆசிரியர் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார். கரைமேல் ஓர் ஊசிமுனையை ஒரே ஒரு சுற்று ஓட்டிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தால் போதும். கூடவே உருளும் ஒரு சின்னச் சக்கரம் பரப்பளவைச் சொல்லிவிடும். இப்படிப் பரப்பளவை அளக்கும் கருவிக்குப் பிளானிமீட்டர் என்று பெயர். ஊசி ஏரிக்குள் போவதே இல்லை.

அந்த ஆசிரியர் யாக்கோப் ஆம்ஸ்லர். 1823இல் ப்ரூக் நகருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படிக்கப் போனது இறையியல். யேனாவில் தொடங்கி கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அங்கே பிரான்ஸ் நோய்மன் என்ற இயற்பியலாளரிடம் போய்ச் சேர்ந்தார். இறையியல் அதோடு முடிந்தது. நோய்மன் மாணவர்களுக்குக் கோட்பாட்டை மட்டும் சொல்லிக் கொடுப்பவர் அல்லர். துல்லியமாக அளப்பது, அளவில் வரும் பிழையைத் தேடிப் பிடிப்பது என்று கையையும் பழக்குவார். மின்சுற்று விதிகளுக்காக நாம் அறிந்த கிர்க்கோஃப்கூட அவருடைய மாணவர்தான். ஆம்ஸ்லர் 1848இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு ஜெனீவா வானாய்வகத்தில் ஓராண்டு, சூரிச்சில் கொஞ்ச காலம். 1851இல் ஷாஃப்ஹவுசன் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1854இல் எலிசே லாஃபோனை மணந்து, அந்த ஊர் வழக்கப்படி மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்து ஆம்ஸ்லர்-லாஃபோன் ஆனார்.

பரப்பளவை அளக்கும் கருவி என்பது அவர் காலத்தில் புதிய யோசனை அல்ல. பவேரியாவில் ஹெர்மன் 1814இலேயே ஒன்றைத் திட்டமிட்டார். ஃபிளாரன்சில் கொன்னெல்லா, சுவிட்சர்லாந்தில் ஓப்பிகோஃபர், சூரிச்சில் வெட்லி என்று அடுத்தடுத்துப் பலர் செய்தார்கள். அவர்களுடைய கருவிகளில் ஒரு கூம்போ தட்டோ சுழலும். அதன்மேல் ஒரு சக்கரம் முன்னும் பின்னும் நகரும். எல்லாமே நேரான தண்டவாளத்தில் போய்வர வேண்டும். நன்றாகத்தான் வேலை செய்தன, ஆனால் கனம், விலையும் அதிகம்.

1851 லண்டன் பெருங்கண்காட்சியில் இப்படிப்பட்ட ஒரு கருவியை இளைஞர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பார்த்தார். மின்காந்தச் சமன்பாடுகளுக்காக நாம் அறிந்த அதே மேக்ஸ்வெல்தான். சக்கரம் தட்டின் மேல் உருளும்போதே வழுக்கவும் செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. வழுக்கும் இடத்தில் பிழை வரும் என்று நினைத்தார். வழுக்கலே இல்லாமல், உருளல் மட்டும் நடக்கும்படி ஒரு வடிவமைப்பை யோசித்து 1855இல் கட்டுரை எழுதினார். அழகான யோசனை. ஆம்ஸ்லர் போனதோ நேர் எதிர்த் திசையில். அவருடைய கருவியில் வழுக்குவதுதான் பாதி வேலை.

அதில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு கீலால் இணைத்த இரண்டு உலோகக் கைகள். முதல் கையின் நுனி தாளில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். இதற்குத் துருவம் என்று பெயர். இரண்டாவது கையின் நுனியில் ஊசிமுனை. அந்தக் கையிலேயே ஒரு சின்னச் சக்கரம் தாளைத் தொட்டபடி இருக்கும். சக்கரத்தின் அச்சு கைக்கு இணையாக இருப்பதால், கை பக்கவாட்டில் நகர்ந்தால் சக்கரம் உருளும். கை தன் நீளவாக்கில் நகர்ந்தால் சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டு போகும். சாய்வாக நகர்ந்தால் பக்கவாட்டுப் பங்கு மட்டும் கணக்கில் ஏறும்.

சுவருக்கு வண்ணம் பூசும் ரோலரை நினைத்துக்கொள்ளுங்கள். பூசிய பரப்பு எவ்வளவு? ரோலரின் நீளம், பெருக்கல் அது உருண்ட தூரம். நீளவாக்கில் இழுத்தால் எதையும் பூசாது. இப்போது, முன்னே உருட்டினால் பூசி, பின்னே உருட்டினால் அழிக்கிற ரோலர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பிளானிமீட்டரின் இரண்டாவது கை அதுதான்.

ஊசி ஏரியின் தூரத்துக் கரையில் போகும்போது கை ஒரு பக்கமாக நகர்கிறது. அப்போது கீல், துருவத்தை மையமாகக் கொண்ட ஒரு வட்ட வில்லில் நகரும். அந்த வில்லிலிருந்து தூரத்துக் கரைவரை உள்ள இடமெல்லாம் பூசப்படும். ஊசி பக்கத்துக் கரை வழியாகத் திரும்பும்போது கீல் அதே வில்லில் பின்னோக்கி வரும். வில்லுக்கும் பக்கத்துக் கரைக்கும் நடுவில் உள்ள இடம் அழிக்கப்படும். மிச்சம் நிற்பது ஏரி மட்டும்.

சரி, கை நகர்வதோடு திரும்பவும் செய்கிறதே, அதனால் சக்கரம் கூடுதலாக உருளாதா? உருளும். ஆனால் சுற்று முடியும்போது கை தொடக்க நிலைக்கே வந்துவிடுகிறது. இடப்புறம் எவ்வளவு திரும்பியதோ அவ்வளவே வலப்புறமும் திரும்பியிருக்கும். அந்தக் கூடுதல் தானாகவே கழிந்துவிடும். கடைசியில் பரப்பளவு என்பது கையின் நீளத்தைச் சக்கரம் உருண்ட தூரத்தால் பெருக்கினால் வருவது. கையின் நீளம் 10 செ.மீ., சக்கரம் உருண்டது 4.5 செ.மீ. என்றால் 45 சதுர செ.மீ. துருவத்தைப் படத்துக்கு உள்ளேயே வைத்தால் மட்டும் கை ஒரு முழுச்சுற்று சுற்றிவிடும், திரும்பியது கழியாது. அதற்காக ஒரு மாறா எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சிவில் படித்தவர்கள் சர்வே பாடத்தில் பிளானிமீட்டர் சூத்திரத்தின் கடைசியில் ஒரு ‘சி’யைக் கூட்டியிருப்பார்களே, அது இதுதான்.

பழைய கருவிகளின் நேரான தண்டவாளத்துக்குப் பதில் ஒரு வட்ட வில். கூம்பும் தட்டும் இருந்த இடத்தில் வெறும் தாள். ஆம்ஸ்லர் செய்தது பெரும்பாலும் பாகங்களைக் கழற்றிப் போட்டதுதான். அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, எதைக் கழற்றலாம் என்று சொல்லும் கணிதமும் வேண்டும். 1856இல் அவர் வெளியிட்ட நூலில் பரப்பளவோடு நிற்கவில்லை. கையின் கோணத்தைப் பற்சக்கரங்கள் மூலம் இரண்டு மடங்காகவும் மூன்று மடங்காகவும் ஆக்கி இன்னும் இரண்டு சக்கரங்களுக்குக் கொடுத்தால், அதே ஒரு சுற்றில் நிலைத் திருப்புத்திறனும் சடத்துவத் திருப்புத்திறனும் கிடைக்கும். ஒரு பரப்பு ஓர் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி, எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லும் அளவுகள் இவை. சைன் சார்பின் வர்க்கத்தையும் கனத்தையும் இரட்டை, மும்மடங்குக் கோணங்களால் எழுதலாம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதையே பித்தளையில் செய்துவிட்டார். கப்பல் சாயாமல் நிற்குமா என்று கணக்குப் போடும் கப்பல் கட்டுநர்களுக்கு அந்தக் கருவி பெரிய உதவி.

ஆசிரியர் வேலையை விட்டு, இந்தக் கருவிகளைச் செய்யும் தன் பட்டறையிலேயே முழுநேரமும் இறங்கினார். நீராவி எஞ்சின்காரர்களும் வாடிக்கையாளர்களானார்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை வரையும் படத்தின் பரப்பளவுதான் எஞ்சின் செய்த வேலை என்பதால், அதை அளக்க எளிய கருவி தேவைப்பட்டது. 1912 ஜனவரியில் ஆம்ஸ்லர் இறப்பதற்குள் அந்தப் பட்டறை 50,000க்கும் மேற்பட்ட பிளானிமீட்டர்களைச் செய்திருந்தது. ஆற்று நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவிகளும் செய்தார்கள். மகன் ஆல்ஃபிரட் காலத்தில் உலோகங்களின் வலிமையைச் சோதிக்கும் எந்திரங்களுக்கும் ஆம்ஸ்லர் பெயர் பரவியது.

இன்று வயலைச் சுற்றி நடந்தால் பரப்பளவைச் சொல்லும் செயலிகள் செல்பேசியில் இருக்கின்றன. அவற்றுக்குள்ளும் இதே பூசி அழிக்கும் கணக்குதான் ஓடுகிறது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சேரும் துண்டுகளைக் கூட்டல், கழித்தல் குறியோடு சேர்த்துக்கொண்டே போகும். வித்தியாசம் பிழை வரும் இடத்தில்தான். பிளானிமீட்டரில் சக்கரத்தின் விளிம்பும் தாளின் மேற்பரப்பும் நன்றாக இருந்தால் விடையும் நன்றாக இருக்கும். செல்பேசியின் ஜிபிஎஸ் ஒவ்வொரு புள்ளியிலும் சில மீட்டர் தள்ளிக் காட்டலாம். பல ஏக்கர் வயலுக்கு அது பெரிதல்ல. மூன்று சென்ட் வீட்டு மனைக்கு நாடாவே மேல்.