காது தானே போடும் சத்தம்

எலக்ட்ரானிக் இசையில் பரிசோதனை செய்பவர்களுக்குக் கேட்பவரைக் கலங்கடிக்கப் பல வழிகள் தெரியும். ஓர் ஒலியின் வலிமையை நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏற்றி இறக்கினால் அது கரகரவென்று உறுத்தும். மனிதர் அலறும்போது குரலில் ஏறுவதும் இதே கரகரப்புதான் என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஸ்தாயி ஏறிக்கொண்டே போய் எங்கேயும் போய்ச் சேராத ஒலி இன்னொரு வகை. பெல் ஆய்வுக்கூடத்தில் கணினியை வைத்து ரோஜர் ஷெப்பர்ட் 1964-ல் அதை விளக்கிக் காட்டினார். இந்த இரண்டிலும் நம்மைத் தொந்தரவு செய்யும் ஒலி ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் மேரியன் அமாக்கர் இதைத் தாண்டிப் போனார். ஸ்பீக்கரில் இல்லவே இல்லாத ஒலியைக் கேட்பவரின் காதுக்குள் பிறக்க வைத்தார்.

1938-ல் பிறந்து 2009-ல் மறைந்த அமாக்கர், ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் பாடம் கேட்டவர். 1999-ல் வெளியான அவருடைய ‘சவுண்ட் கேரக்டர்ஸ்’ ஆல்பத்தில் முதலில் காதில் விழுவது, உச்ச ஸ்தாயியில் கூர்மையாக வேகவேகமாகக் கொட்டும் மின்னொலிகள். கொஞ்ச நேரத்தில் அவற்றுக்குக் கீழே வேறொரு மெட்டு முனகத் தொடங்கும். அது அறையில் இருப்பதாகத் தோன்றாது. காதுமடலை ஒட்டியோ, மண்டைக்கு உள்ளேயோ யாரோ இசைப்பதுபோல இருக்கும். பழக்கமில்லாதவர் மிரண்டுபோவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதில் மாயமோ பிரமையோ கிடையாது. அந்த மெட்டை உண்மையிலேயே காதுதான் உண்டாக்குகிறது.

எப்படி? உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் நீளமாக ஒரு சவ்வு ஓடுகிறது. அதன் ஒரு முனை உயர்ந்த அதிர்வெண்ணுக்கும் மறுமுனை தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் அதிகமாக அசையும். அந்த அசைவை நரம்புக்குச் சொல்பவை உள்வரிசை ரோமச் செல்கள், ஒரு காதில் சுமார் 3,500. வெளிவரிசையில் சுமார் 12,000 இருக்கின்றன. இவற்றின் முக்கிய வேலையே வேறு. ஒலி வந்ததும் இவை நீண்டு சுருங்கி, சவ்வைத் தாங்களே உந்தி ஆட்டுகின்றன. மெல்லிய ஒலிகூட நமக்குக் கேட்பது இந்த உந்துதலால்தான். உயிருள்ள ஒரு ஆம்ப்ளிஃபயரை நாம் ஒவ்வொரு காதிலும் வைத்திருக்கிறோம்.

இதை முதலில் ஊகித்துச் சொன்னவர் ஒரு வானியலாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. போர்க்காலத்தில் ரேடாரில் வேலை பார்த்த தாமஸ் கோல்டு, காக்ளியாவுக்குள் இருப்பது திரவம், அதில் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும், ஆகவே யாரோ உள்ளிருந்து சக்தி கொடுத்தாக வேண்டும் என்று 1948-ல் வாதிட்டார். அப்படியானால் காது தானே ஒலி எழுப்பவும் வாய்ப்பு உண்டு என்றார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் காக்ளியாவைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி, இறந்தவர்களின் காதுகளை ஆராய்ந்து தெரிந்துகொண்டது. இறந்த காதில் உந்திவிட எதுவும் இல்லை. 30 வருடம் கழித்து, 1978-ல், லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துளைக்குள் ஒரு சிறிய மைக்கை வைத்து, காதிலிருந்து ஒலி வெளியே வருவதைப் பதிவு செய்துவிட்டார்.

சரி, இதில் மெட்டு எங்கிருந்து வருகிறது? வெளிவரிசைச் செல்களின் உந்துதல் சீரானது இல்லை. உள்ளே வரும் அதிர்வு இரண்டு மடங்கானால் அவற்றின் பதில் இரண்டு மடங்காவதில்லை. இப்படிச் சீரில்லாத எந்தக் கருவிக்குள்ளும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து விட்டால், இரண்டிலும் இல்லாத புது அதிர்வெண்கள் முளைக்கும். 2000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 2000 அதிர்வு), 2400 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்த 400 ஹெர்ட்ஸ் உள்ளே பிறக்கும். அப்புறம், கீழ் ஒலியை இரட்டித்து மேல் ஒலியைக் கழித்த 1600 ஹெர்ட்ஸும் பிறக்கும். இவை சவ்வில் தங்களுக்கு உரிய இடத்துக்குப் போய் அதை ஆட்டுகின்றன, ஆகவே நமக்குக் கேட்கின்றன. ஒரு பகுதி வந்த வழியே திரும்பி, நடுக்காது எலும்புகளைக் கடந்து, செவிப்பறையைத் தட்டி வெளியேயும் கசிகிறது. பல மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைக்குச் செய்யும் காதுப் பரிசோதனையில் ஒரு முறை இதேதான். ஏறக்குறைய 1.2 விகிதத்தில் இரண்டு ஒலிகளைக் காதுக்குள் விட்டு, மூன்றாவது ஒலி திரும்பி வருகிறதா என்று மைக் கேட்கும். தூங்கும் குழந்தை எதுவும் சொல்லத் தேவையில்லை.

இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் மூன்றாவது ஒன்று கேட்பதை வயலின் மேதை தார்த்தீனி 18-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் வயலின் ஒலியில் துணை அதிர்வுகள் ஏராளம். மூன்றாவது ஒலி அந்தக் கூட்டத்தில் எளிதில் அமுங்கிவிடும். மின்கருவிகள் வந்த பிறகுதான் கலப்பில்லாத தூய ஒலிகளை, வேண்டிய அதிர்வெண்ணில், வேண்டிய வேகத்தில் அடுக்க முடிந்தது. அமாக்கர் ஸ்பீக்கரில் ஒரு மெட்டும் காதுக்குள் இன்னொரு மெட்டுமாகச் சேர்த்தே எழுதினார்.

மிரட்சிக்குக் காரணம் இடக்குழப்பம். ஓர் ஒலி இரண்டு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசம், அதிகபட்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மூளைக்குத் திசை சொல்கிறது. காதுமடலின் மடிப்புகள் உயரத்தைச் சொல்கின்றன. காதுக்குள் பிறந்த ஒலியிடம் இந்தத் தகவல் எதுவும் கிடையாது. போதாததற்கு, 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளும் சேர்ந்து அறையில் சில சென்டிமீட்டருக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று ஒலியளவு மாறிக்கொண்டே இருக்கும். தலையை லேசாகத் திருப்பினாலே உள்ளொலி தாவும், மறையும், மறுபடி முளைக்கும். துரத்துவதுபோலத் தோன்றுவது இதனால்தான். இவ்வகை இசையைப் பேய் இசை என்று ஒதுக்குகிறவர்கள், தங்கள் காது உயிரோடு வேலை செய்வதை நேரடியாகக் கேட்கும் அரிய வாய்ப்பை இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஒரே ஒரு வருத்தம் உண்டு. இந்த மாதிரிக் கச்சேரிகளில் சத்தத்தை எக்கச்சக்கமாக ஏற்றும் வழக்கம் இருக்கிறது. ரோமச் செல்களில் பெருஞ்சத்தம் முதலில் கொல்வது இந்த வெளிவரிசைச் செல்களைத்தான். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பின் எல்லை என்கிறது அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH). காதடைப்பான் (earplug) இல்லாமல் போகவே கூடாது.

வீட்டில் கேட்டுப் பார்க்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. இரண்டு செல்போன்களில் ஒலி எழுப்பும் இலவச ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு போன் அவசியம். இரண்டு ஒலியையும் ஒரே சின்ன ஸ்பீக்கரில் விட்டால், அந்த ஸ்பீக்கரே மூன்றாவது ஒலியை உண்டாக்கி ஏமாற்றும். ஒன்றை 2000 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். மற்றதை 2200-ல் தொடங்கி 2400 வரை மெதுவாக ஏற்றுங்கள். போனில் ஒலி ஏறிக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஒன்று 1800-லிருந்து 1600-க்கு இறங்கிக்கொண்டிருக்கும்.