விலாங்குக்கு வெட்டிய வாய்க்கால்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், புட்ஜ் பிம் எரிமலை சுமார் 37,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய குழம்பு 50 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி உறைந்தது. ஓடைகளின் பழைய தடம் அடைபட்டு, சதுப்புகளும் ஏரிகளும் உண்டாயின. டே ராக் அப்படிப் பிறந்த ஏரி. அதன் கரையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான குண்டிட்ச்மாரா மக்கள் வெட்டிய வாய்க்கால் ஒன்றுக்கு வயது 6,600 ஆண்டு!

இரும்புக் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. எரிமலைக் குழம்பு ஆறும்போது தானாகவே விரிசல் விட்டுக் கட்டிகளாகப் பிரியும். அந்தக் கட்டிகளைப் பெயர்த்தெடுத்தால் பள்ளம் வாய்க்கால் ஆகும். பெயர்த்த கல் அணைச்சுவருக்கு ஆகும்.

பிடிக்க வேண்டியது கூயாங் என்னும் விலாங்கு. குஞ்சாகக் கடலிலிருந்து ஏறிவந்து, நன்னீரில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும் மீன் அது. மழை கொட்டி ஏரி பெருகினால் விலாங்கு தாழ்நிலமெங்கும் பரவும். வெள்ளம் வாய்க்கால் வழியே பாயும்போதும் வடியும்போதும், நீரோட்டமே அதைக் கல்லணையின் இடைவெளிக்கு இழுத்துவரும். அங்கே காத்திருப்பது புல்லில் பின்னிய நீளமான பறி, அதாவது மீன் பிடிக்கும் கூடை. வாய் அகலம், வால் பக்கம் போகப்போகச் சிறுத்து, ஒரு விலாங்கு நுழைந்து தலைநீட்டும் அளவுக்கே இருக்கும். வால் முனையில் நிற்பவர் தலை வெளியே வந்ததும் பிடித்துக்கொள்வார். உடனே தேவைப்படாத மீனைத் தேக்கக் குளத்தில் விட்டு வைக்கலாம்.

இதில் நுட்பமே நீர்மட்டம்தான். ஏரி ஒரே மட்டத்தில் நிற்காது; ஆகவே பொறிகளையும் வெவ்வேறு உயரத்தில் அமைத்தார்கள். நீர் ஏறினால் மேலுள்ளது வேலை செய்யும், இறங்கினால் கீழுள்ளது. சுவர் தாழ்ந்துவிட்டால் மீன் நீரோடு மேலே வழிந்து தப்பும். கற்களுக்கிடையே சந்து பெரிதானால் அதன் வழியே நெளிந்து போய்விடும். வெட்டியதோடு வேலை முடிந்துவிடவும் இல்லை: அந்த 6,600 ஆண்டு வாய்க்காலிலேயே, கல் அடுக்கிய தடுப்புச்சுவர்கள் கடந்த 800 ஆண்டுகளுக்குள் சேர்க்கப்பட்டவை. தலைமுறை தலைமுறையாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஒரே எதிரி வறண்ட ஏரி. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் மேய்ச்சல் நிலத்துக்காக வடிகால் வெட்டினார்கள். 1950களில் டே ராக் நீரிழந்தது. கல் அப்படியே இருந்தது, விலாங்கு வர வழியில்லை. 2007இல் நீதிமன்றம் குண்டிட்ச்மாரா மக்களின் நில உரிமையை ஏற்றது. 2010இல் ஏரியின் வடிகாலில் தடுப்பணை எழுந்ததும் நீர் மீண்டும் தங்கியது. 2019இல் யுனெஸ்கோ புட்ஜ் பிம்மை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆனால் பட்டயம் ஏரியை நிரப்பாது. நிலத்தில் உரிமை இருந்தும் அதில் ஓடும் நீரின் பங்கீட்டை வேறொருவர் முடிவு செய்தால், வாய்க்கால் வெறும் கல்தான். 2022இல்தான் அதே பகுதியின் பிட்ஸ்ராய் ஆற்றுப் படுகையில் 250 கோடி லிட்டர் நீருக்கான உரிமை அவர்கள் கைக்கு வந்தது.