வங்கி மறுத்த பிறகு புதுக் கணக்கு: கட்டணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை" என்று அமெரிக்க வங்கி ஒன்றிடமிருந்து பதில் வந்ததும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று வரிசையாக விண்ணப்பம் போடுகிறார்கள். இல்லையென்றால், ‘கட்டணமே கிடையாது, பழைய கணக்கு விவரம் பார்க்க மாட்டோம்’ என்று ஃபோனில் விளம்பரம் வரும் முதல் ஆப்பை இறக்கி, அடுத்த சம்பளத்தை அதிலேயே போடச் சொல்லி ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பிவிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த அவசரத்தால் சிக்கலில் மாட்டிக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உட்கார்ந்ததும் கேட்பது, "கட்டணம் இல்லாத ஆன்லைன் கணக்கில் எது நல்லது அக்கா?"

கட்டணம் இல்லாத கணக்குகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். வங்கி உங்களை ஏன் மறுத்தது? புதிதாகத் திறக்கும் கணக்கில் உங்கள் பணம் உண்மையில் யார் கையில் இருக்கும்?

மறுப்புக்குக் காரணம் கிரெடிட் ஸ்கோர் அல்ல

"என் கிரெடிட் ஸ்கோர் 750க்கு மேல் இருக்கிறது, என்னை எப்படி மறுக்கலாம்?" என்று கோபத்தோடு வருபவர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் சேமிப்புக் கணக்கோ, அன்றாடச் செலவுக்கான செக்கிங் கணக்கோ திறக்கும்போது வங்கிகள் முதலில் பார்ப்பது ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன் ஆகியவற்றின் கடன் அறிக்கையை அல்ல. செக்சிஸ்டம்ஸ், எர்லி வார்னிங் சர்வீசஸ் என்று வேறு இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் முன்பு வைத்திருந்த வங்கிக் கணக்குகள் எப்படி முடிந்தன என்பதை அவை பதிவு செய்து வைக்கின்றன. எர்லி வார்னிங் நிறுவனத்தின் உரிமையாளர்களே ஏழு பெரிய வங்கிகள்தான். வங்கிக் கணக்கிலிருந்து இன்னொருவருக்கு உடனே பணம் அனுப்ப நாம் தினமும் பயன்படுத்தும் ஸெல்லை நடத்துவதும் அதே நிறுவனம். செக்சிஸ்டம்ஸில் ஒரு பதிவு ஏறினால் பொதுவாக 5 ஆண்டு இருக்கும். எர்லி வார்னிங்கில் 7 ஆண்டு வரை இருக்கலாம்.

தமிழர்கள் இந்தப் பட்டியலில் ஏறும் வழிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எம்.எஸ். முடித்து ஊருக்குத் திரும்பும் மாணவர் கணக்கை மூடாமல் விமானம் ஏறுகிறார். கணக்கில் நாற்பது டாலர் கிடக்கிறது. மாணவர் சலுகைக் காலம் முடிந்ததும் மாதக் கட்டணம் பிடிக்க ஆரம்பிக்கிறார்கள். மறந்துபோன ஏதோ ஒரு சந்தாவும் அதே கணக்கிலிருந்து கழிகிறது. கணக்கு மைனஸுக்குப் போகிறது. சுமார் 60 நாள் பார்த்துவிட்டு வங்கி அதை வராக்கடனாக எழுதி, கணக்கை மூடி, விவரத்தைப் பதிவுக்கு அனுப்பிவிடுகிறது. கடிதங்களெல்லாம் அவர் காலி செய்த பழைய அபார்ட்மெண்டுக்குப் போய்ச் சேர்கின்றன. சில ஆண்டு கழித்து எச்-1பி வேலை விசாவில் திரும்பி வந்து கணக்குத் திறக்கப் போகும்போதுதான் விஷயமே தெரிகிறது. அப்படி வந்தவர்களின் செக்சிஸ்டம்ஸ் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் பக்கம் பக்கமாகக் காலியாக இருக்கும். நடுவில் ஒரே ஒரு பதிவு. வங்கியின் பெயர், தேதி, காரணம் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் பணம் போனது), பாக்கி ஐம்பதோ நூறோ டாலர். அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை வங்கிகளும் கதவைச் சாத்தியிருக்கின்றன.

இன்னொரு வழி மோசமானது. பகுதிநேர வேலை தேடும் மாணவருக்கு யாரோ ஒருவர் மெயிலில் வேலை கொடுக்கிறார். முன்பணமாக ஒரு செக்கும் அனுப்புகிறார். "டெபாசிட் செய், உன் பங்கை எடுத்துக்கொள், மீதியை இன்னொருவருக்கு அனுப்பு" என்கிறார். அமெரிக்கச் சட்டப்படி செக்கில் ஒரு பகுதியை வங்கி அடுத்த வேலைநாளே கணக்கில் காட்டியாக வேண்டும். சில வகைச் செக்குகளில் முழுத்தொகையுமே மறுநாள் காட்டும். பணம் கணக்கில் தெரிகிறது என்பதால் செக் பாஸாகிவிட்டது என்று பொருளில்லை. அது போலி என்று தெரியவே பல நாள் ஆகலாம். அதற்குள் மாணவர் தன் சொந்தப் பணத்தை மோசடிக்காரருக்கு அனுப்பி முடித்திருப்பார். வங்கிக்கு அந்தக் கணக்கின் உரிமையாளர்தான் சந்தேக நபர். பதிவிலும் ‘மோசடிச் சந்தேகம்’ என்றே ஏறும். இந்தப் பதிவோடு கணக்குத் திறப்பது, ஓவர்டிராஃப்ட் பாக்கியைவிடப் பல மடங்கு கடினம். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் பெற்றோர் மற்ற எல்லா அறிவுரைகளோடும் இதையும் சொல்லி அனுப்புங்கள்: முகம் தெரியாதவர் கொடுத்த செக்கை உங்கள் கணக்கில் போடாதீர்கள், உங்கள் கணக்கை இன்னொருவர் பணம் கடத்த ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் அறிக்கையை வாங்குங்கள்

அறிக்கையின் அடிப்படையில் உங்களை மறுத்தால், எந்த நிறுவனத்தின் அறிக்கை அது என்பதை வங்கி சொல்லியே ஆக வேண்டும். 1970இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் தரும் உரிமை இது. அந்தக் கடிதம் வந்த 60 நாளுக்குள் கேட்டால் அறிக்கை இலவசம். மறுப்பு எதுவும் இல்லாவிட்டாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை செக்சிஸ்டம்ஸ் அறிக்கையைக் காசில்லாமல் வாங்கலாம்.

அறிக்கையில் இருப்பது தவறு என்றால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். சாதாரணமாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் தர வேண்டும். இருப்பது உண்மை என்றால் பழைய வங்கியைக் கூப்பிட்டுப் பாக்கியைக் கட்டிவிடுங்கள். கட்டியதற்கு அவர்கள் தலைப்புத் தாளில் கடிதம் வாங்குங்கள். பதிவை ‘பாக்கி தீர்ந்தது’ என்று திருத்தச் சொல்லுங்கள். உண்மையான பதிவை அழித்தே ஆக வேண்டும் என்று வங்கியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், சில நேரம் எடுத்துவிடுகிறார்கள். பாக்கி தீர்ந்த பதிவை வேறு கண்ணோடு பார்க்கும் வங்கிகளும், கூட்டுறவு வங்கி போன்ற கிரெடிட் யூனியன்களும் இருக்கின்றன.

‘முன்னூறு டாலர் கொடுங்கள், உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறதே, அவர்களிடம் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். கடன் பதிவைச் சரிசெய்வதாகச் சொல்லும் நிறுவனம் வேலையை முடிக்கும் முன் பணம் வாங்குவதே சட்ட விரோதம். நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை இது.

பணம் யார் கையில்?

இனி ஆன்லைன் கணக்குகளுக்கு வருவோம். ஆப்பில் வங்கி மாதிரி தெரிவதெல்லாம் வங்கி அல்ல. சைம் என்ற ஆப் மிகப் பிரபலமானது, செக்சிஸ்டம்ஸ் பார்ப்பதில்லை, மாதக் கட்டணம் இல்லை. ஆனால் சைம் ஒரு வங்கி அல்ல; பணம் இருப்பது பேங்கார்ப், ஸ்ட்ரைட் ஆகிய கூட்டாளி வங்கிகளில். வாரோ என்ற இன்னொரு ஆப் அப்படி அல்ல. 2020இல் தேசிய வங்கி உரிமம் வாங்கி, தானே வங்கியாக இருக்கிறது. இரண்டிலும் டெபிட் கார்டும் ஆப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிவது பிரச்சினை வரும் நாளில்.

அப்படி ஒரு நாள் 2024இல் வந்தது. ஆப் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த சினாப்ஸ் என்ற நிறுவனம் அந்த ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. மே மாதம், யோட்டா போன்ற ஆப்களில் பணம் வைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருடைய சுமார் 26.5 கோடி டாலர் முடங்கிப்போனது. நீதிமன்றம் நியமித்த நிர்வாகி ஜெலினா மக்வில்லியம்ஸ், எஃப்.டி.ஐ.சி. எனும் வைப்புக் காப்பீட்டு அமைப்பின் முன்னாள் தலைவர். வங்கிகளிடம் இருக்கும் பணத்துக்கும் வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பணத்துக்கும் இடையே 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை இடிக்கிறது என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். எஃப்.டி.ஐ.சி. காப்பீடு இருக்கிறது என்று விளம்பரத்தில் படித்துத்தான் பலர் பணம் போட்டிருந்தார்கள். அந்தக் காப்பீடு கை கொடுக்கவில்லை. ஒரு வங்கி திவாலானால்தான் எஃப்.டி.ஐ.சி. ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 டாலர் வரை தரும். இங்கே எந்த வங்கியும் திவாலாகவில்லை. நடுவில் நின்ற நிறுவனம்தான் விழுந்தது.

இதைச் சொல்வது ஆப்களைக் கண்டு மிரள வைக்க அல்ல. கணக்குத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் செலவிடச் சொல்கிறேன். எஃப்.டி.ஐ.சி. இணையதளத்தில் பேங்க்ஃபைண்ட் என்ற தேடுபொறி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வந்தால் அது வங்கி. வராவிட்டால், ஆப்பின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும் கூட்டாளி வங்கியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அங்கே பணம் போடாதீர்கள். கிரெடிட் யூனியன் என்றால் இதே அளவு காப்பீட்டை என்.சி.யு.ஏ. என்ற அரசு அமைப்பு தருகிறது.

கணக்கை மூடினால் மீதிப்பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் விதிமுறைகளில் தேடிப் படியுங்கள். மூடிய கணக்குகளின் மீதியை 14 நாளில் தருவதாக இருந்தும் ஆயிரக்கணக்கானோரை வாரக்கணக்கிலும், சிலரை மாதக்கணக்கிலும் காக்க வைத்ததற்காக, நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 மே மாதம் சைமுக்கு 32.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அது தவிர, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 13 லட்சம் டாலர் தரவும் உத்தரவிட்டது. வாடகை நாளன்று பணம் முடங்கிக் கிடந்தால் என்ன ஆகும் என்பது, கையில் வேறு கணக்கு இல்லாதவருக்குத்தான் தெரியும்.

‘கட்டணம் இல்லை’ என்பதற்குள் இருக்கும் கட்டணங்கள்

மாதக் கட்டணம் இல்லாவிட்டாலும் வேறு இடங்களில் காசு போகும். உங்கள் கணக்கின் வலைப்பின்னலுக்கு வெளியே உள்ள ஏ.டி.எம்.மில் எடுத்தால், ஏ.டி.எம். வைத்திருப்பவர், உங்கள் கணக்கு நிறுவனம் என்று இரண்டு தரப்பும் கட்டணம் பிடிக்கலாம். கையில் இருக்கும் ரொக்கத்தைக் கடையில் கொடுத்துக் கணக்கில் ஏற்ற ஒவ்வொரு முறையும் சில டாலர் கேட்கும் இடங்கள் உண்டு. உணவகத்திலோ பெட்ரோல் பங்கிலோ டிப்ஸாகவும் ரொக்கமாகவும் சம்பாதிப்பவருக்கு இதுதான் பெரிய செலவு. மாதம் நான்கைந்து முறை ரொக்கம் போட்டால், மாதக் கட்டணத்தைவிட அதிகமாகிவிடும்.

அதனால்தான் பலரிடம் நான் ‘பேங்க் ஆன்’ சான்று பெற்ற கணக்குகளையும் பார்க்கச் சொல்கிறேன். 2006இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய முயற்சி இது. இன்று நாடு முழுக்கத் தரநிலை வைத்துக் கணக்குகளுக்குச் சான்று தருகிறார்கள். இந்தக் கணக்குகளில் ஓவர்டிராஃப்ட் கட்டணம் அறவே கிடையாது. திறக்க 25 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. மாதக் கட்டணம் இருந்தாலும் பெரும்பாலும் 5 டாலருக்குள்தான். சேஸ் செக்யூர் பேங்கிங், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சேஃப்பேலன்ஸ், வெல்ஸ் ஃபார்கோவின் கிளியர் ஆக்சஸ் ஆகியவை இந்த வகை. உண்மையான மோசடி தவிர வேறு பழைய பாக்கிக்காக மறுக்க வேண்டாம் என்று வங்கிகளுக்குப் பரிந்துரையும் இருக்கிறது. எல்லாக் கிளைகளிலும் இது ஒரே மாதிரி நடக்காது. விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் 5 டாலர் கொடுத்தாவது கிளை உள்ள வங்கியில் இருப்பது சிலருக்கு நல்லது என்பது என் கருத்து. வீடு மாறும்போது அட்வான்ஸுக்கு வீட்டுக்காரர் கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பணத்தில் எழுதித் தரும் செக்) கேட்பார். ஆன்லைன் கணக்குகள் பலவற்றில் அதைக் கையோடு வாங்க முடியாது. 1,000 டாலர் வரை என்றால் தபால் நிலையத்தில் டெபிட் கார்டு கொடுத்து மணி ஆர்டர் வாங்கிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அலைய வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்புபவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. 2026 தொடக்கத்திலிருந்து ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீதம் வரி. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் அந்த வரி இல்லை. வங்கிக் கணக்கே வேண்டாம், ரொக்கத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் அம்மாவுக்கு அனுப்பும் ஒவ்வொரு ஆயிரம் டாலரிலும் பத்து டாலரை இழக்கிறார்கள்.

எஸ்.எஸ்.என். எனும் சமூகப் பாதுகாப்பு எண் இன்னும் வராத மாணவர்களும், துணை விசாவில் இருப்பவர்களும் ஆன்லைனில் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எஸ்.எஸ்.என். இல்லாதவருக்குக் கணக்கு கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வெளிநாட்டவருக்கு அதற்குப் பதில் பாஸ்போர்ட் எண்ணே போதும் என்று விதி அனுமதிக்கிறது. எஸ்.எஸ்.என். கேட்பது அந்தந்த வங்கியின் கொள்கை. இவர்கள் பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்றோடு நேராகக் கிளைக்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய கிரெடிட் யூனியனுக்கோ போவதே சுலபம்.

திறந்த பிறகு

புதுக் கணக்கில் முதல் மாதமே முழுச் சம்பளத்தையும் போடாதீர்கள். டைரக்ட் டெபாசிட்டைப் பிரித்துப் போடப் பல அலுவலகங்கள் அனுமதிக்கும். சிறிய தொகையைப் போட்டு, எடுத்து, வாடிக்கையாளர் சேவையை ஒருமுறை ஃபோனில் கூப்பிட்டுப் பாருங்கள். மனிதர் எடுக்கிறாரா, எத்தனை நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். மாதாமாதம் ஸ்டேட்மெண்டை இறக்கி வேறு இடத்தில் சேமியுங்கள். ஆப் ஒருநாள் திறக்காமல் போனால், கணக்கில் எவ்வளவு இருந்தது என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அதுதான்.

வழக்கமான செக்கிங் கணக்கு கிடைத்தவர்கள் ஓவர்டிராஃப்ட் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஏ.டி.எம்.முக்கும் டெபிட் கார்டில் ஒருமுறை செலவுகளுக்கும் நீங்கள் சம்மதித்தால் மட்டுமே அந்தக் கட்டணம் பிடிக்கலாம் என்பது 2010 முதல் விதி. ஆகவே சம்மதிக்காதீர்கள். ஆனால் செக்குக்கும் தானாகக் கழியும் பில்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பலர் பட்டியலில் ஏறியதே இந்த வழியில்தான்.

இந்தியாவுக்கோ வேறு நாட்டுக்கோ திரும்புபவர்கள் கிளம்பும் முன் கணக்கை முறையாக மூடுங்கள். இரண்டு மாதம் முன்பே எல்லாச் சந்தாக்களையும், தானாகக் கழியும் பில்களையும் நிறுத்துங்கள். கடைசி ஸ்டேட்மெண்ட் வந்த பிறகு மீதியை எடுத்துவிட்டு, எழுத்தில் மூடச் சொல்லி, மூடியதற்கான கடிதத்தை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடாமல் வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் மாதக் கட்டணம் இல்லாத கணக்காக மாற்றி, ஊர் முகவரியையும் எப்போதும் பார்க்கும் மெயிலையும் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.