வட்டத்தை முதலில் போடுங்கள், குழந்தைகளைப் பிறகு எண்ணுங்கள்

நடுவில் ஓர் அணுமின் நிலையம். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் ஏழெட்டுப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தை. கீழே ஒரு வரி: "இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" ஊர் பெயர் மட்டும் மாறும். இந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது நின்றபாடில்லை. பதிலுக்கு அணு உலை ஆதரவாளர்களிடமிருந்து வாழைப்பழப் படம் வரும்: "இதில் இருக்கும் கதிர்வீச்சை விடவா?" ஒருவர் பயத்தைப் பரப்புகிறார், இன்னொருவர் கேலி செய்கிறார். நோய் எங்கே, ஏன் வருகிறது என்று தேடுகிற வேலையை இருவருமே தொடுவதில்லை.

இரண்டு பேருக்குமே தெரியவேண்டிய ஆய்வு ஜெர்மனியில் நடந்தது. மைன்ஸ் நகரில் இருக்கும் குழந்தைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980 முதல் நாடு முழுவதும் கணக்கு வைத்திருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகத்தின் செலவில், 16 அணுமின் நிலையங்களைச் சுற்றி, 1980 முதல் 2003 வரை 5 வயதுக்குள் புற்றுநோய் வந்த குழந்தைகளை எடுத்தார்கள். மொத்தம் 1,592 பேர். அதே வயது, அதே பாலினம், அதே பகுதி என்று பார்த்து, நோய் இல்லாத 4,735 குழந்தைகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் உலையின் புகைபோக்கிக்கும் இடையே உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்தார்கள். எதை எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். 2007 டிசம்பரில் வந்த முடிவு: 5 கிலோமீட்டருக்குள் வசித்த சிறு குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 2.2 மடங்கு. அந்த வளையத்துக்குள் 37 குழந்தைகள். வழக்கப்படி எதிர்பார்க்க வேண்டியது சுமார் 17. ஏதாவது ஒரு நிலையத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டாலும் முடிவு கலையவில்லை.

ஆக, அதிகம் என்பது உண்மை. எவ்வளவு அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்: 16 நிலையங்கள், 24 வருடம், கூடுதலாகச் சுமார் 20 குழந்தைகள். நாடு முழுவதற்கும் வருடத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒரு குழந்தையின் வீட்டில் இந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை என்பது தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுத் தாய்க்கு நீங்கள் "இரண்டு மடங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அவர் மனதில் பதியும் எண்ணிக்கையே வேறு.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயம். "அருகில்" என்றால் "அதிகக் கதிர்வீச்சு" என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தூரம் வேறு, உடல் வாங்கிய அளவு வேறு. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் வாயு நேராகக் கீழே விழுவதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போய், பல நேரம் மிக அருகில் இருக்கும் வீடுகளைத் தாண்டித்தான் தரையைத் தொடும். மழை பெய்தால் வழியிலேயே இறங்கிவிடும். உலைக்கு மேற்கே 3 கிலோமீட்டரில் ஒரு குழந்தை, கிழக்கே 3 கிலோமீட்டரில் ஒரு குழந்தை. வருடம் முழுக்க மேற்கிலிருந்தே காற்று வீசினால் இந்த இருவரும் ஒன்றா? உலையிலிருந்து வெளியேறும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 பயிருக்குள் போய், அந்தத் தானியம் வேறு மாவட்டத்தில் சோறாகிறது என்றால் தூரத்தை எங்கிருந்து அளப்பீர்கள்? அப்பா வேலை செய்வது உலைக்குள், வீடு 20 கிலோமீட்டர் தள்ளி என்றால்? வட்டம் போடுவது சுலபம், காம்பஸ் போதும். அளவைக் கணக்கிடத்தான் காற்றுத் திசைப் பதிவு, வெளியேற்றப் பதிவு, உணவுப் பழக்கம், தண்ணீர் என்று எல்லாம் வேண்டும்.

பிரான்சில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2002 முதல் 2007 வரை 19 நிலையங்களைச் சுற்றி நடந்த ஆய்வு அது. தூரத்தை வைத்துப் பார்த்தபோது 5 கிலோமீட்டருக்குள் 1.9 மடங்கு வந்தது. அதே குழந்தைகளை, ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜைக்குப் போயிருக்கக்கூடிய கதிர்வீச்சு அளவின்படி பிரித்துப் பார்த்தபோது தொடர்பு காணாமல் போனது. அந்த 5 கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள் 14 பேர்தான் என்பதையும் மறக்கக்கூடாது. பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் செய்த ஆய்வுகளிலும் எண்ணிக்கை சிறியதுதான். சுவிஸ் முடிவு 1.2 மடங்கு, ஆனால் பிழை வரம்பு 0.6-லிருந்து 2.4 வரை. அதை வைத்து "இருக்கிறது" என்றும் சொல்லமுடியாது, "இல்லை" என்றும் சொல்லமுடியாது.

இன்னொன்று கேளுங்கள். 1989-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓர் ஒப்பீடு செய்தார்கள். அணு உலை கட்டலாம் என்று பார்த்து வைத்து, கடைசியில் கட்டாமலே விட்ட இடங்களைச் சுற்றியும் இதே மாதிரி அதிகம் தெரிந்தது. உலையே இல்லாத இடத்தில் கதிர்வீச்சு எப்படி வரும்? அப்படிப்பட்ட இடங்களுக்கே ஏதோ பொதுவாக இருக்கிறது: ஒதுக்குப்புறம், கடலோரம், ஆற்றோரம், குறைந்த மக்கள், திடீரென்று வெளியூர் ஆட்கள் வந்து குடியேறுவது. பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் லியோ கின்லன் 1988-ல் முன்வைத்த கருத்து இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. தனித்துக் கிடந்த ஊருக்குள் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வரும்போது ஏதோ ஒரு சாதாரணத் தொற்று பரவி, அதற்கு அரிதாக எழும் எதிர்வினையே இந்த நோய் என்கிறார். உலை எதுவும் இல்லாத ஸ்காட்லாந்தின் கிளென்ராத்திஸ் புதுநகரிலும் அந்த அதிகத்தைக் காட்டினார். எந்தக் கிருமி என்று இன்றுவரை பிடிபடவில்லை. அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

இப்போது வாழைப்பழக்காரர்களுக்கு. உங்கள் வாதம் இப்படிப் போகும்: நிலையத்திலிருந்து வரும் அளவு வருடத்துக்கு ஒரு மில்லி சீவெர்ட்டில் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) நூறில் ஒரு பங்குகூட இல்லை, இயற்கையிலிருந்தே ஜெர்மானியருக்கு 2 மில்லி சீவெர்ட் கிடைக்கிறது, ஆகவே சாத்தியமில்லை, ஆகவே எல்லாம் தற்செயல். முதல் பாதி சரி. ஜெர்மன் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவும் 2008-ல் அதைத்தான் சொன்னது: கண்ட அதிகத்தை விளக்க, ஆயிரம் மடங்குக்கு மேல் கதிர்வீச்சு வேண்டியிருக்கும். ஆனால் 17 வரவேண்டிய இடத்தில் 37 வந்தது தற்செயல் என்பது கணக்குக்கு ஒத்துவராது. "காரணம் தெரியவில்லை" என்பதும் "தற்செயல்" என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் ஊர்மக்கள் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். ஜெர்மனியில் எல்பே நதிக்கரையில் கிரும்மல் அணுமின் நிலையத்துக்கு எதிரே எல்ப்மார்ஷ் பகுதியில் 1990 பிப்ரவரி முதல் 1991 மே வரை 5 குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டு மாநிலங்கள் வல்லுநர் குழு போட்டன. 2004-ல் ஒரு குழுவில் இருந்த 8 பேரில் 6 பேர் அதிகாரிகளோடு முரண்பட்டு விலகினார்கள். அங்கே பேச்சு இன்னும் ஓயவில்லை.

நிலையம் தரும் எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளவும் கூடாது. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு வளாகத்துக்குப் பக்கத்து ஊரான சீஸ்கேலில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் அதிகம் என்று 1983-ல் தொலைக்காட்சியில் வந்ததும், டக்ளஸ் பிளாக் தலைமையில் குழு அமைத்தார்கள். 1984 ஜூலையில் அறிக்கை வந்தது. 1950-களில் அந்த வளாகத்திலிருந்து வெளியேறிய யுரேனியத் துகள் அவர்களிடம் சொன்னதைவிடப் பல மடங்கு என்பது பிறகுதான் தெரிந்தது. கணக்கைத் திரும்பப் போட்டார்கள். அப்போதும் அந்த அளவு நோய்க்குப் போதவில்லை. போதவில்லை என்பது வேறு விஷயம். முதல் தடவையே சரியான எண்ணைத் தந்திருக்கலாமே?

அதே சீஸ்கேலில் 1990-ல் ஆய்வாளர் மார்ட்டின் கார்ட்னர் ஒரு விளக்கம் சொன்னார்: தந்தை, குழந்தை கருவாகும் முன் உலையில் வாங்கிய கதிர்வீச்சுதான் காரணம் என்று. பத்திரிகைகள் கொண்டாடின. அந்த முடிவு நின்றது 4 குழந்தைகள் மேல். செல்லாஃபீல்டில் வேலை செய்த தந்தையருக்கு, சீஸ்கேல் இருக்கும் கம்பிரியா பகுதி முழுதும் பிறந்த குழந்தைகள் பத்தாயிரத்துக்கு மேல். அந்தத் தந்தையர் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சில் சீஸ்கேலில் பிறந்தவர்களின் பங்கு வெறும் 7 சதவீதம். விளக்கம் சரியென்றால் மீதி 93 சதவீதமும் எங்காவது நோயாகத் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. 1993-ல் நீதிமன்றத்திலும் அந்த வாதம் தோற்றது. ஒரு விளக்கத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை: அது உண்மையானால் வேறு எங்கே தெரியவேண்டும் என்று கேட்டு, அங்கே போய்ப் பாருங்கள்.

உங்கள் ஊரில் சந்தேகம் வந்தால் செய்யவேண்டியது என்ன? முதலில் நோயைப் பிரியுங்கள். "கேன்சர்" என்று ஒரே பையில் போடாதீர்கள். பாட்டியின் மார்பகப் புற்றுநோயும் பேரனின் ரத்தப் புற்றுநோயும் ஒரே கொத்தாகச் சேர்த்து எண்ணக்கூடியவை அல்ல. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயிலும் நிணநீர்ச்செல் வகை வேறு, மைலாய்டு வகை வேறு. மருத்துவமனைச் சுருக்க அறிக்கையில் வகையும் கண்டறிந்த தேதியும் இருக்கும். அதை வைத்து வயது, கண்டறிந்த நாளில் வசித்த முகவரி, பிறந்தபோது இருந்த முகவரி, தாய் கர்ப்பமாக இருந்தபோது இருந்த முகவரி எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிறு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் முதல் மரபணு மாற்றம் பல நேரம் கருவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஜெர்மன் ஆய்வு கண்டறிந்த நாளின் முகவரியை மட்டும் எடுத்தது. அது அந்த ஆய்வின் பெரிய குறை.

அடுத்து எல்லை. வட்டத்தையும் வருடத்தையும் நோயாளிப் பட்டியலைப் பார்க்காமல் முடிவு செய்யவேண்டும். சுவரில் அம்பு விட்டுவிட்டு, குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்தால் எல்லோரும் வில்வீரர்தான். ஏற்கெனவே தெரிந்த குழந்தைகள்தான் சந்தேகத்தைக் கிளப்பினார்கள் என்றால், அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்து வருகிற வருடங்களை எண்ணுங்கள். கசப்பான வழிதான். வேறு வழி இல்லை.

பிறகு கீழ்க்கணக்கு, அதாவது மொத்தம் எத்தனை குழந்தைகள், எத்தனை வருடம் என்பது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,000 பேர், 10 வருடம்: 20,000 குழந்தை-ஆண்டுகள். வருடத்துக்கு லட்சத்தில் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் என்று வைத்தால் எதிர்பார்ப்பது 1. அந்த இடத்தில் 4 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. "அப்படியானால் நிரூபணம்!" என்று குதிக்காதீர்கள். இதே அளவு ஊர்கள் ஆயிரம் இருந்தால், எந்தக் காரணமும் இல்லாமலே சுமார் 19 ஊர்களில் 4 அல்லது அதற்கு மேல் வரும். அந்த 19 ஊர்தான் செய்தியாகும். மீதி 981 ஊரைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். அமெரிக்காவில் இருபது வருடங்களில் அரசுகள் விசாரித்த 567 புற்றுநோய்ச் சந்தேகங்களைத் தொகுத்தபோது, எண்ணிக்கை நிஜமாகவே அதிகம் என்று உறுதியானவை 72. காரணம் தெளிவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இது தேடவேண்டாம் என்பதற்கல்ல. பதில் கிடைக்கும் என்று ஊருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள் என்பதற்கு.

நிலையத்திடம் கேட்பதானால் வருடச் சராசரியைக் கேட்காதீர்கள். எரிபொருள் மாற்ற உலையைத் திறக்கும் நாட்களில்தான் வாயு வெளியேற்றம் எகிறும். சராசரியில் அது கரைந்துபோகும். அரைமணிப் பதிவு கேளுங்கள், அதே நேரத்துக் காற்றுத் திசையோடு. நம் ஊர் விஷயமானால் உலையின் வகையையும் பாருங்கள். கல்பாக்கத்தின் கனநீர் உலையிலிருந்து டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) வெளியேறும் அளவும் கூடங்குளத்தின் சாதாரண நீர் உலையிலிருந்து வெளியேறும் அளவும் ஒன்றல்ல. ஜெர்மன் எண்ணைத் தூக்கி இங்கே ஒட்டுவது வேண்டாம். நோயாளிக் கணக்குக்கு மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. வீடு வீடாகப் போய்த் திரட்டும் பட்டியல் அதற்கு ஈடாகாது. பக்கத்தில் நல்ல மருத்துவமனை இருக்கிற ஊரில் நோய் அதிகம் கண்டுபிடிக்கப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தயவுசெய்து செய்யக்கூடாதவை சில. குழந்தையின் பெயரையும் படத்தையும் அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அதோடு உட்கார மறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கதிர்வீச்சு ரத்தப் பரிசோதனை என்று யாராவது முகாம் போட்டால் பணம் கட்டாதீர்கள். குரோமோசோம் முறிவைப் பார்க்கும் பரிசோதனைக்கு ஏறத்தாழ 100 மில்லி சீவெர்ட் அளவு வேண்டும், அதற்குக் கீழே அது உங்களுக்கு எதுவும் சொல்லாது. அயோடின் மாத்திரை தைராய்டுக்கு, அதுவும் விபத்தின்போது. ரத்தப் புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஊர் எதுவானாலும் சரி: குழந்தை வெளுத்துக்கொண்டே வந்தால், இறங்காத காய்ச்சல் என்றால், அடிபடாமலே நீலத் திட்டு வந்தால், இரவில் கால் எலும்பு வலி என்று அழுதால், முழு ரத்த எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது) அன்றைக்கே பாருங்கள். சில நூறு ரூபாய்தான். காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் பரிசோதனை பார்க்குமுன் ஸ்டீராய்டு எழுதும் மருத்துவ நண்பர்களே, நிறுத்துங்கள். அது ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக மறைத்துவிடும். அதன்பின் மஜ்ஜைப் பரிசோதனையில் எது என்ன வகை என்று பிரிக்க, அதைப் பார்க்கும் மருத்துவர்கள் நாங்கள் தடுமாறுவோம்.